யார் எழுத வருகிறார்?

ஆடிவேல் நாட்களில் ஒரு காலை, கொட்டாஞ்சேனையிலிருந்து அழைப்பு வந்தது. சிறிய ஆலய சபையொன்றின் செயலாளர், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், எளிதில் பதறாத மனிதர். "தம்பி, நேற்று நாற்பது படம் ஏத்தினனான். எல்லாம் ஏறினது. இண்டைக்கு ஒண்டும் ஏறுதில்லை. நான் ஒண்டையும் மாத்தேல்லை."

"ஐயா, இண்டைக்கு என்ன திகதி?"

"ஓகஸ்ட் முதலாம் திகதி. ஏன்?"

சபையின் இணையத்தளத்தை இயக்கும் வேர்ட்பிரஸ் தனக்கு வரும் படங்களை ஆண்டுக்கு ஓர் அடைவு, அதற்குள் மாதத்துக்கு ஓர் அடைவு என்று பிரித்து வைக்கும். ஜூலை 31 வரை 07 என்ற அடைவு தயாராக இருந்தது. விடிந்ததும் 08 என்று புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டும். உருவாக்குவது என்றால் மேலே இருக்கும் ஆண்டு அடைவுக்குள் எழுதுவது. அங்கே எழுத அதற்கு அனுமதி இல்லை. செயலாளர் ஐயா சொன்னது முழு உண்மை, அவர் எதையும் மாற்றவில்லை.

நான் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஒழுங்கையில், தொடர்மாடி ஒன்றில் இருந்து இந்த வேலையைச் செய்கிறேன். ரியூசன் வகுப்புகள், பழைய மாணவர் சங்கங்கள், புடவைக் கடைகள், ஆலய சபைகள் ஆகியவைதான் என் வாடிக்கையாளர்கள். தனிச் சேர்வருக்குப் பணம் கட்ட இவர்களால் முடியாது. எனவே பகிர்வு ஹோஸ்டிங்தான். ஒரே சேர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும். எங்கள் தொடர்மாடியைப் போலத்தான்: ஒரே படலை, ஒரே தண்ணீர்த் தாங்கி, ஒரே லிஃப்ட், ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித் திறப்பு. திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதைச் சரியாக வைத்திருப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி.

கோப்பு அனுமதி பழைய ஏற்பாடு. கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் பெல் ஆய்வுகூடத்தில் உருவாக்கிய யுனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரில் வெளிவந்தது. அனுமதியை மாற்றும் கட்டளையும் உரிமையாளரை மாற்றும் கட்டளையும் அதிலேயே இருக்கின்றன. அப்போது உரிமையாளர், மற்றவர் என்று இரண்டே தரப்பு. குழு என்ற மூன்றாவது பிறகு வந்தது. இன்றைக்கு மூன்று இலக்கங்கள் அந்த மூன்று தரப்பையும் குறிக்கின்றன. படிக்க 4, எழுத 2, இயக்க 1. உரிமையாளருக்கு மூன்றும் கூட்டினால் 7. மற்ற இரு தரப்புக்கும் படிக்கவும் இயக்கவும் மட்டும் என்றால் 5, 5. ஆக 755.

இந்தக் கூட்டல் யாருக்கும் ஒரு மாலைப்பொழுதில் விளங்கிவிடும். எனக்குப் பல வருடங்கள் விளங்காமல் இருந்தது வேறொன்று: உரிமையாளர் என்பது யார்? இலக்கத்தைப் பார்ப்பதற்கு முன் பெயரைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எழுத முடியவில்லை என்று ஒரு தளம் சொன்னவுடன், எல்லாருக்கும் எல்லாம் என்ற 777ஐப் போட்டுவிட்டுப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிழைச் செய்தி மறைந்துவிடும், வாடிக்கையாளர் நன்றி சொல்லுவார். எழுத வந்தவர் யார், அவருக்கு ஏன் இடம் கிடைக்கவில்லை என்ற கேள்வி மட்டும் அப்படியே கிடக்கும்.

கொட்டாஞ்சேனைத் தளத்தில் நடந்தது இதுதான். எஃப்டிபி வழியாக நாங்கள் ஏற்றிய கோப்புகளெல்லாம் சபையின் கணக்குப் பெயரில் இருந்தன. ஆனால் அந்தப் பழைய சேர்வரில் தளத்தின் நிரலான பிஎச்பி இயங்கியது 'நோபடி' என்ற பொதுப் பயனரின் பெயரில். சபையின் தளம் எழுத வந்தாலும் நோபடி, பக்கத்துத் தளம் எழுத வந்தாலும் அதே நோபடி. ஆண்டு அடைவு சபையின் பெயரில், 755இல் இருந்தது. எனவே நோபடிக்கு அங்கே படிக்கத்தான் முடியும். 07 அடைவில் மட்டும் முன்பு உதவிய யாரோ 777 போட்டிருந்தார்கள். ஜூலை முழுவதும் படம் ஏறியதன் இரகசியம் அதுதான்.

அந்த அடைவைத் திறந்து பார்த்தேன். தேர்ப் படங்களுக்கும் காவடிப் படங்களுக்கும் நடுவே, அர்த்தமில்லாத எழுத்துகளைப் பெயராகக் கொண்ட ஒரு சின்ன பிஎச்பி கோப்பு. படங்கள் மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் அது இருந்ததைப் பார்த்தபோது, பூட்டிய வீட்டுக்குள் வேற்று ஆளின் செருப்பைக் கண்டது போல நெஞ்சு ஒருகணம் நின்றது. உள்ளே வந்தவர் எந்த வழியால் வந்தார் என்பதை என்னால் உறுதியாக நிறுவ முடியவில்லை. வருவதற்கு வழி திறந்திருந்தது என்பது மட்டும் கண்முன்னே கிடந்தது.

2011 ஓகஸ்டில் டிம்தம்ப் என்ற படச்சுருக்கி நிரலால் உலகெங்கும் ஏராளமான வேர்ட்பிரஸ் தளங்கள் பாதிக்கப்பட்டபோதும் அடிப்படை இதுதான். வெளியிலிருந்து எடுத்த படத்தைத் தற்காலிகமாகச் சேமிக்க அதற்கு எழுதக்கூடிய ஓர் அடைவு வேண்டியிருந்தது. அந்த அடைவு இணையத்திலிருந்து நேரே எட்டக்கூடிய இடத்தில் இருந்தது. படம் என்று சொல்லி அங்கே நிரலை இறக்கினார்கள், பிறகு அதை இயக்கினார்கள். அதனால்தான் நான் பராமரிக்கும் தளங்களில், படங்கள் சேரும் அடைவுக்குள் பிஎச்பி இயங்கக்கூடாது என்று ஒரு ஹெச்டிஅக்சஸ் கோப்பை வைக்கிறேன். எழுத இடமுள்ள அறையில் அடுப்பு மூட்ட இடம் கொடுப்பதில்லை.

கொட்டாஞ்சேனைக்கு வருவோம். அன்றிரவு விழாப் படங்கள் வெளியே போயாக வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் அடியார்கள் காத்திருப்பார்கள். 08க்கும் 777 போட எனக்கு மனமில்லை. எனவே எஃப்டிபியில் சபையின் கணக்காக நுழைந்து, படங்களை நானே ஏற்றி, ஒரு பக்கத்தில் கையால் இணைத்தேன். உரிமையாளர் எழுதினார், சேர்வருக்குப் படிக்கும் அனுமதி போதுமானதாக இருந்தது. மறுநாள் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேட்டு, ஒவ்வொரு கணக்கின் பிஎச்பியும் அந்தந்தக் கணக்கின் பெயரிலேயே இயங்கும் சேர்வருக்குத் தளத்தை மாற்றினோம். அங்கே தளமும் நாங்களும் ஒரே பெயர். அடைவுகளுக்கு 755, கோப்புகளுக்கு 644, தரவுத்தளக் கடவுச்சொல் இருக்கும் கோப்புக்கு 600. இதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. அப்படிப்பட்ட சில சேர்வர்களில், நிரல் இருக்கும் அடைவுக்கு 777 போட்டால் அதை இயக்கவே மறுத்து 500 என்ற பிழையைக் காட்டும். அந்த மறுப்பை நான் மதிக்கிறேன்.

மாற்றும்போது அடைவுக்கும் கோப்புக்கும் ஒரே இலக்கத்தைப் போடக்கூடாது. ஆரம்ப காலத்தில் ஒருவருடைய தளம் முழுவதற்கும் 644 போட்டு, மறுகணமே எல்லாப் பக்கமும் 403 என்ற அனுமதி மறுப்போடு நின்றதைக் கண்டு நடுங்கியிருக்கிறேன். அடைவுக்கு 1 என்பது இயக்குவது அல்ல, உள்ளே நுழைந்து செல்வது. அதை எடுத்துவிட்டால் பெயர்ப்பட்டியல் தெரியும், வாசல் அடைபட்டுவிடும். அதுபோல, ஒரு கோப்பை அழிக்கும் உரிமை அந்தக் கோப்பிடம் இல்லை, அதை வைத்திருக்கும் அடைவிடம் இருக்கிறது. நோபடி உருவாக்கிய அடைவுக்குள் இருப்பதை தளத்துக்குரிய வாடிக்கையாளராலேயே அழிக்க முடியாமல் போவது இதனால்தான்.

எழுத முடியவில்லை என்றால் எல்லா நேரமும் காரணம் அனுமதி அல்ல. கணக்குக்கான சேமிப்பிட ஒதுக்கீடு நிறைந்திருக்கலாம். தமிழில் வேலை செய்யும் நமக்கு இன்னொன்றும் உண்டு. லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போக முடியாது. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், புள்ளியும் விசிறியும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள். ஆக 85 குறியீட்டோடு இடம் முடிந்தது. ஆலயத்தின் முழுப் பெயர், மூர்த்தியின் பெயர், திருவிழா, நாள் என்று பக்தியோடு நீளமாகப் பெயரிட்ட படம் ஏறாமல் நிற்கும். அதற்கு அனுமதியைத் திறந்துவிட்டவர்களைக் கண்டிருக்கிறேன். பெயரைச் சுருக்கினால் போதும்.

கொட்டாஞ்சேனை ஐயாவுக்கு இவையெல்லாவற்றையும் ஒரு பின்னேரம் நேரில் போய் விளக்கினேன். பிளேன்ரீ குடித்தபடி பொறுமையாகக் கேட்டார். "அப்ப தம்பி, கோயில் திறப்பை ஐயரிட்டக் குடுக்கிறம், சந்தையிலை போறவன்ர கையிலை குடுக்கிறேல்லை. அவ்வளவுதானே?" என்றார். அவ்வளவுதான் என்றேன்.

இப்போதும் ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி, காலையில் கணினியைத் திறந்ததும், பராமரிக்கும் தளங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் படத்தை ஏற்றிப் பார்க்கிறேன். புதிய மாத அடைவு பிறந்திருக்கிறதா, யார் பெயரில் பிறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, அந்தப் படத்தை அழித்துவிடுகிறேன்.