டீச்சர், உங்களுக்கு மட்டும் எப்படி நேரம் கிடைச்சது?



போன வாரம் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒரு பெண் போனில் பேசினாள். இப்போது அவளுக்கே பத்து வயதில் பையன் இருக்கிறான். "டீச்சர், பள்ளிக்கூடம், காடு, மாடு, குழந்தை எல்லாம் பார்த்துக்கிட்டு நீங்க எப்பவும் கையில ஒரு புத்தகம் வெச்சிருப்பீங்க. எனக்கு ஒரு பக்கம் படிக்க நேரம் இல்ல. உங்களுக்கு மட்டும் எப்படி நேரம் கிடைச்சது?" என்று கேட்டாள். போனில் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். சரியான பதிலை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த கொஞ்ச நாளில் எனக்குக் கல்யாணம் ஆனது. நல்லம்பள்ளி பஸ் நிறுத்தத்தில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் உள்ளே நடந்தால் எங்கள் கொட்டாய். நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் உறவுகளுக்காகச் சொல்கிறேன், இங்கே காட்டில் கட்டிய வீட்டைக் கொட்டாய் என்போம். மூன்று ஏக்கர் நிலம், ஒரு கிணறு, இரண்டு மாடு, சில ஆடுகள், அத்தை, வீட்டுக்காரர், நான். 1986-இல் மகள் பிறந்தாள்.

விவசாயத்தில் வேலை அதிகம் என்று எல்லோருக்கும் தெரியும். விவசாயத்தில் காத்திருப்பதும் அதிகம் என்பது அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். என் வாசிப்பு முழுவதும் அந்தக் காத்திருப்பில்தான் நடந்தது.

முதலில் மோட்டார். மும்முனை மின்சாரம் ஒரு வாரம் பகலில் வரும், ஒரு வாரம் ராத்திரியில் வரும். ராத்திரி முறையில் அவர் மண்வெட்டியோடு மடை மாற்றுவார். நான் மோட்டார் கொட்டாயில் உட்கார்ந்திருப்பேன். தண்ணீர் காற்று வாங்கி நின்றாலோ, கரண்ட் போய் வந்தாலோ கவனிக்க ஆள் வேண்டும். அங்கே ஒரு நாற்பது வாட் பல்பு. அதைச் சுற்றி ஊரில் உள்ள பூச்சியெல்லாம் பறக்கும். கயிற்றுக் கட்டிலில் குழந்தை தூங்கும். அந்த வெளிச்சத்தில்தான் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் முடித்தேன். சில பக்கங்களில் பூச்சி ஒட்டிய கறை இருந்தது. புத்தகம் கொடுத்த அக்கா அதைக் காட்டிக் காட்டிச் சிரிப்பார்.

இரண்டாவது பட்டுப்புழு. ஒரு ஏக்கரில் மல்பெரி வைத்திருந்தோம். புழு வளர்த்தவர்களுக்கு அந்தப் பாடு தெரியும். பொரித்ததிலிருந்து கூடு கட்டும் வரை சுமார் 25 நாள். வாழ்நாளில் தின்னும் தழையில் முக்கால் பங்குக்கு மேல் கடைசி ஒரு வாரத்தில் தின்றுவிடும். அந்த வாரம் வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. ராத்திரி புழு மனைக்குள் போனால் தழையைக் கடிக்கும் சத்தம் கூரையில் மழை பெய்வது போலக் கேட்கும்.

ஆனால் புழு நான்கு முறை தோலுரிக்கும். அப்போது தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு அப்படியே அசையாமல் இருக்கும். ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கத் தின்னாது. தழை போடக் கூடாது. சுண்ணாம்புத் தூளைத் தூவிவிட்டுத் தொந்தரவு செய்யாமல் விட வேண்டும். வருடத்துக்கு ஐந்து முறை வளர்த்தோம். ஐந்து நான்கு இருபது. கணக்கு டீச்சருக்கு இந்தக் கணக்கு போதாதா? பள்ளி நாளில் விழுந்தது போக மீதி எல்லாம் என் வாசிப்பு நாள். இப்போது இளம்புழு மையங்களில் இரண்டு தோலுரிப்பு முடிந்த புழுவாகவே வாங்கி வருகிறார்கள். வேலை குறைந்தது நல்லதுதான். என்னைக் கேட்டால் பாதி விடுமுறை போய்விட்டது என்பேன்!

இனி, புத்தகம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை டவுன் பஸ் ஏறித் தருமபுரி நூலகத்துக்குப் போவேன். எடுத்து வந்து, படித்து, தேதி தவறாமல் திருப்பிக் கொடுப்பேன். இந்த நூலகங்கள் யாரோ தானமாகக் கொடுத்தவை அல்ல என்பதை என் வகுப்பில் அடிக்கடி சொல்வேன், ஞாபகம் இருக்கிறதா? சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் நம் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருக்கும். காசு நாம் கட்டியாகிவிட்டது. போய் எடுத்துப் படிக்க வேண்டியதுதான் பாக்கி.

சொந்தப் புத்தகம் வாங்க வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. தருமபுரி அங்காடியில் பட்டுக்கூடு விற்ற அன்று ஒரு புத்தகம். விலை நன்றாகப் போனாலும் ஒன்றுதான், அடிபட்டாலும் ஒன்றுதான். எண்பதுகளில் நியூ செஞ்சுரி புத்தகக் கண்காட்சியில் ரஷ்யப் புத்தகங்கள் கிடைக்கும். கெட்டி அட்டை, நல்ல தாள், அழகான படங்கள், விலையோ காய்கறி வாங்கும் காசு. 1991-இல் சோவியத் நாடு கலைந்ததோடு அந்தப் புத்தகங்களின் வரத்தும் நின்றுபோனது. அதற்குள் என் டிரங்குப் பெட்டியில் பதினாறு சேர்ந்திருந்தன. அவற்றில் ஒன்று சிங்கிஸ் ஐத்மாத்தவ் எழுதிய 'முதல் ஆசிரியர்'. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரும்.

குழந்தை வந்த பிறகு படிப்பது நின்றுவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நின்றது மௌன வாசிப்புதான். வேப்ப மரத்தில் தூளி கட்டி ஒரு கையால் ஆட்டிக்கொண்டு, மறு கையில் இருக்கும் புத்தகத்தைச் சத்தமாகப் படிப்பேன். அவளுக்குப் புரிய வேண்டும் என்று எதுவும் இல்லை. என் குரல் கேட்டால் தூங்குவாள். கி.ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' கேட்டுத் தூங்கிய குழந்தை இந்தத் தாலுகாவிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

கொஞ்சம் வளர்ந்ததும் அம்புலிமாமா, ராணி காமிக்ஸ், அப்புறம் துளிர். ஆடு மேய்க்கப் போகும்போது கையில் ஒன்றைக் கொண்டுபோவாள். ஒருமுறை நூலகத்துக் கதைப் புத்தகத்தைக் கல்மேல் வைத்துவிட்டு விளையாடப் போயிருக்கிறாள். கடைசி நாலு தாளை ஆடு தின்றுவிட்டது. அழுதுகொண்டே வந்தாள். அதைவிடப் பெரிய கவலை எங்களுக்கு, அந்தக் கதை எப்படி முடியும் என்று. அத்தைதான், "இரு, நான் சொல்றேன்" என்று தானாக ஒரு முடிவு சொன்னார்கள். நூலகத்துக்கு வேறு பிரதி வாங்கிக் கொடுக்கும்போது உண்மையான முடிவையும் படித்துப் பார்த்தோம். "நான் சொன்னதுதான் நல்லா இருக்குது" என்றார்கள் அத்தை. உண்மையும் அதுதான்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவர். 13 வயதில் கல்யாணம். தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் வந்தபோது லாந்தர் வெளிச்சத்தில் உட்கார்ந்து தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டார். பால் சொசைட்டியில் கைநாட்டு வைப்பதை அன்றோடு நிறுத்தினார். ஆனால் ஒரு பக்கத்தைப் படிக்கும் அளவுக்கு எழுத்து அவருக்குக் கூடி வரவில்லை.

நான் வந்த புதிதில், "பேப்பர்ல என்னா சோறா வேகுது?" என்பார். தூளி ஆட்டிக்கொண்டு படிக்கும்போது கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கடலைக்காய் உரிப்பார். ஒருநாள் நான் நிறுத்தியதும், "ஏன் நிறுத்திட்ட? அந்தப் பொண்ணு என்னா ஆனா?" என்றார். அன்றிலிருந்து அவருக்காகவும் சேர்த்துத்தான் படித்தேன். ஆர்.சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' படித்தபோது, நிலத்தில் பங்கு கேட்கும் அந்த விதவைக்காக இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. 1942-இல் வந்த நாவல் அது. "எங்க பெரியம்மா கத இவனுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டார்.

'முதல் ஆசிரியர்' கதையை மட்டும் வருடத்துக்கு ஒரு முறையாவது படிக்கச் சொல்வார். கிர்கிஸ் நாட்டு மலைக் கிராமம். தானே அரைகுறையாகப் படித்த தூய்ஷேன் என்பவன் பாழடைந்த ஒரு குதிரைக் கொட்டிலைப் பள்ளிக்கூடமாக ஆக்குகிறான். பனியாய்க் குளிர்ந்த ஓடையில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கடக்கிறான். தாய் தகப்பன் இல்லாத அல்தினாய் என்ற மாணவியை அவள் சித்தி ஒருவனுக்கு இரண்டாந்தாரமாகத் தள்ளிவிடுகிறாள். தூய்ஷேன் அடி வாங்கியும் விடாமல் அவளை மீட்டு வந்து பட்டணத்துக்குப் படிக்க அனுப்புகிறான். அத்தை வாயில் தூய்ஷேன் பெயர் நுழையாது. "குதிரைக் கொட்டாய் வாத்தியாரு" என்பார்.

எனக்குக் கண்ணில் பவர் ஏறிய பிறகு மகள்தான் ராத்திரியில் ஆயாவுக்குப் படித்துக் காட்டினாள். கூழ் குடித்துவிட்டு இருவரும் திண்ணைக்குப் போய்விடுவார்கள். தடுமாறாமல், ஏற்ற இறக்கத்தோடு படிக்க அவளுக்கு எந்தப் பயிற்சியும் நான் கொடுக்கவில்லை. சரியாகப் படிக்காவிட்டால் ஆயா விடமாட்டார், அவ்வளவுதான்.

2002-இல் அவள் பத்தாம் வகுப்பு முடித்தாள். அந்த வருடங்களின் வறட்சி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கிணறு வற்றி மல்பெரி காய்ந்துவிட்டது. புழு வைக்கவில்லை. செவ்வாய்ச் சந்தைக்கு ஆடுகள் ஒவ்வொன்றாகப் போயின. அந்த நேரத்தில் சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளை வந்தான். நல்ல பையன், ஆழ்துளைக் கிணறு உள்ள நிலம், வரதட்சிணை கேட்கவில்லை. "இந்த மாதிரி இடம் திரும்ப வருமா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கையில் காசில்லாத தகப்பனின் பயம் அது.

சட்டப்படி பெண்ணுக்கு 18 ஆக வேண்டும் என்றேன். இவளுக்கு 16. எட்டாம் வகுப்பு முடித்ததும் காணாமல் போன என் மாணவிகளின் பெயர்களை வரிசையாகச் சொன்னேன். "நீ புத்தகத்தப் படிச்சிட்டுப் பேசற" என்று பெரியவர்கள் முடித்துவிட்டார்கள். மூன்று நாள் வீட்டில் சரியாகச் சோறு இறங்கவில்லை. மகள் ஒன்றும் பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

நான்காம் நாள் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தபோது அத்தை எழுந்தார். "ஊர் பேர் தெரியாத சீமையில ஒரு குதிரைக் கொட்டாய் வாத்தியாரு, யாரோ பெத்த பொண்ணுக்காக அடி வாங்கனான். இது நம்ம பொண்ணு. ரெண்டு வருசம் படிக்கட்டும்" என்றார். வந்தவர்களுக்கு யார் அந்த வாத்தியார் என்று புரியவில்லை. நம் பள்ளியில் யாரோ என்று நினைத்துக்கொண்டார்கள். அத்தை உட்கார்ந்துவிட்டு மெதுவாக, "இவ போயிட்டா ராத்திரியில எனக்கு யாரு படிச்சிக் காட்டுறது?" என்றும் சேர்த்துக்கொண்டார்.

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். பேச்சு அன்றோடு முடிந்தது. அந்தக் குடும்பத்தோடு இன்றும் போக்குவரத்து இருக்கிறது.

மகள் பிளஸ் டூ முடித்து, தருமபுரியில் கல்லூரி படித்து, இப்போது ஓசூரில் வேலையில் இருக்கிறாள். பெரிய வாசகி ஆகிவிட்டாளா என்று கேட்டால், இல்லை. வருடத்துக்கு இரண்டு மூன்று புத்தகம் படித்தால் அதிகம். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் தினமும் ராத்திரி தன் மகனுக்கு ஒரு கதையைச் சத்தமாகப் படிக்கிறாள். ஆயா விட்டுப்போன வழக்கம் என்கிறாள். அத்தை 2011-இல் போய்ச் சேர்ந்தார்கள். அதே வருடத்து மக்கள்தொகைக் கணக்கில் எழுத்தறிவில் தமிழ்நாட்டு மாவட்டங்களில் கடைசியாக நின்றது நம் தருமபுரி. மாநிலம் 80 சதவீதம், நாம் 68.5. அந்தப் படிக்காத பங்கில் எத்தனை அத்தைகள் இருந்திருப்பார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு யாராவது ஒரு பக்கம் படித்துக் காட்டினார்கள் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

ஆகவே அம்மா, உன் கேள்விக்குப் பதில் இதுதான். எனக்குத் தனியாக நேரம் கிடைக்கவே இல்லை. குக்கர் விசில் வரும் வரை, பஸ் வரும் வரை, டேங்க் நிரம்பும் வரை இருக்கும் நேரம் உனக்கும் இருக்கிறது. புத்தகத்தை அலமாரியில் பூட்டி வைக்காதே. காத்திருக்கும் இடத்தில் வை. தனியாகப் படிக்க முடியாவிட்டால் சத்தமாகப் படி. பையன் ஓடியாடிக்கொண்டே கேட்பான், கேட்கட்டும். வீட்டில் எழுத்துத் தெரியாத பெரியவர் இருந்தால் முதலில் அவருக்குப் படித்துக் காட்டு. புத்தகம் யார் பக்கம் நின்று பேசும் என்று யாருக்கும் தெரியாது.

தருமபுரியில் புத்தகத் திருவிழா நடக்கும்போது வருகிறவர்கள் சொல்லுங்கள், சேர்ந்து போகலாம். என் முழங்கால் ஒத்துழைக்கும் வரை நடப்பேன். 'முதல் ஆசிரியர்' வேண்டும் என்றால் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை: திருப்பித் தர வேண்டும். ஆடு இருக்கும் வீடு என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக நீங்கள் யாருக்கு எதைப் படித்துக் காட்டினீர்கள்? எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தியும் அனுப்புவேன், பழக்கம் விடவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
நல்லம்பள்ளி