கம்பத்தைப் பார்

7 ஜூலை 2020, செவ்வாய்

வெட்டுக்கிளிக்கு மருந்தடிக்க எம்ஐ-17 ஹெலிகாப்டரைத் தயார் செய்திருக்கிறார்களாம். பிரிட்டனிலிருந்து வரவேண்டிய கருவி கொரோனாவால் தாமதம். சண்டிகர் பணிமனையில் விமானப்படையே சொந்தமாகச் செய்துவிட்டது. பறந்து சோதித்தவர்கள் நம்மூர் பெங்களூரின் ஏ.எஸ்.டி.இ. சோதனை மையத்து விமானிகள். 800 லிட்டர் மாலத்தியான், 40 நிமிடத் தெளிப்பு, ஒரே நடையில் 750 ஹெக்டேர்! படிக்க ஜோராகத்தான் இருக்கிறது. தரையை ஒட்டிப் பறப்பவன் பாடு?

9 ஜூலை, வியாழன்

மாடி வீட்டு சார் எச்.ஏ.எல்.லில் 'பசந்த்' கட்டிய காலத்து ஆள். மருந்தடிக்கவென்றே பெங்களூரில் உருவான விமானம் அது. திருத்திய வடிவம் 1972 மார்ச்சில் பறந்தது. 1980-ல் தயாரிப்பு நின்றது. முகக்கவசத்தோடு படிக்கட்டில் உட்கார்ந்து பேசினோம். விமானிக்குக் கீழே நன்றாகத் தெரியவேண்டும் என்றுதான் இருக்கையைத் தூக்கி வைத்தார்களாம்.

"தூக்கி வெச்சா மட்டும் கரண்ட் கம்பி தெரிஞ்சிடுமா சார்?"

"தெரியாது. கம்பத்தைப் பாக்கணும். பீங்கான் எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு பாத்தா லைன் போற திசை புரியும். ஆனா, தெரியாத கம்பியைவிடத் தெரிஞ்ச கம்பிதான் ஆளை அடிக்கும்."

காலையிலிருந்து அதே கம்பியைத் தாண்டித் தாண்டிப் போனவன், மருந்து ஒழுங்காக விழுகிறதா என்று ஒரு கணம் திரும்புவான். அவ்வளவுதான். நம் பக்கம் பம்ப்செட் லைன் இல்லாத வயல் எங்கே இருக்கிறது?

12 ஜூலை, ஞாயிறு

இன்று சார் உள்ளங்கையையே விமானமாக்கிக் காட்டினார். வயல் முடியும் இடத்தில் மேலேறித் திரும்பி வரவேண்டும். தொட்டி நிறைய மருந்து. அவசரத்தில் கையை அதிகம் சாய்த்தார், மூக்கைத் தூக்கினார். இறக்கை பிடிப்பை இழந்ததுபோல் கை சட்டென்று படியில் விழுந்தது. உயரத்தில் என்றால் வேகம் பிடித்துச் சமாளிக்கலாம், இங்கே தரை பக்கத்தில். பெங்களூரே 900 மீட்டர் உயரம். வெயில் ஏறினால் காற்று இன்னும் லேசாகி இறக்கைக்குப் பிடிப்பு குறையும். அதனால்தான் விடியற்காலை வேலை. ஆபத்தென்றால் மருந்தை மொத்தமாகக் கொட்டிவிட ஒரு நெம்புகோல் உண்டாம். அதை இழுக்கவும் நேரம் வேண்டுமே.

15 ஜூலை, புதன்

நேற்று இரவு முதல் பெங்களூரில் மறுபடி ஊரடங்கு. ஓசூர் சித்தப்பா போன் செய்தார். ராஜஸ்தானில் ட்ரோன் வைத்து அடிப்பதை டிவியில் பார்த்தாராம்.

"அது நல்லதுடா. கம்பியில மோதினாலும் மிஷினோட போச்சு."

"மருந்து கலக்குறது யாரு சித்தப்பா?"

"நாமதான்."

"கையுறை போட்டுக்குவீங்களா?"

"புழுக்கமா இருக்கும்டா."

மாலத்தியான் வகை மருந்து தோல் வழியாகவே இறங்கும். வியர்வை கொட்டும், கண்மணி சுருங்கும், மூச்சு முட்டும் என்றேன். மருந்துக்கடை திறந்ததும் கையுறை வாங்குவதாகச் சொன்னார். நம்பவில்லை, சித்தியைக் கூப்பிடச் சொன்னேன்.