மண்ணும் காற்றும் பந்தும்

சென்னை நகருக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய ஊர்கள் உள்ளன. இவை இன்று தொழிற்சாலைகளால் பெயர் பெற்றவை. முன்பு ஏரிப் பாசனத்தால் பெயர் பெற்றிருந்தவை. அம்பத்தூர் ஏரியும், ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு ஏரியும், கடல்போல் விரிந்து கிடக்கும் செம்பரம்பாக்கம் ஏரியும் அந்தப் பழைய நாளுக்குச் சான்றாக நிற்கின்றன. ஏரிக்குக் கீழ்ப் பயிர் செய்த உழவர், மண்ணின் குணத்தை உள்ளங்கையால் அறிந்தவர். நனைந்தால் காலைப் பற்றிக்கொள்ளும் களிமண், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். எந்த மண்ணில், எந்தப் பருவத்தில், எந்த விதை பயன் தரும் என்று தேர்ந்தே அவர் வயலில் இறங்கினார்.

மண்ணின் அதே குணத்தை இன்று அவ்வூர்களில் வேறொருவரும் உற்று நோக்குகின்றார். அவர் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கிரிக்கெட்டு ஆட வரும் அணியின் தலைவர். ஆடுகளத்தின் ஓரத்தில் குந்தி, கட்டைவிரலால் மண்ணை அழுத்துகின்றார். வண்டிச் சாவியின் முனையால் மெல்லக் குத்திப் பார்க்கின்றார். பின்பு தலை நிமிர்ந்து வானத்தைப் பார்க்கின்றார். இவ்வளவும் செய்த பிறகே பதினொருவர் பெயரை எழுதத் தொடங்குகின்றார். மட்டையாளர் பெயர்கள் விரைவில் எழுதப்படுகின்றன. பந்து வீச்சாளர் பெயர்களில்தான் கை தயங்குகின்றது.

அத்தயக்கத்திற்குக் காரணம் உண்டு. பூவா தலையா என்று நாணயத்தைச் சுண்டுவதற்கு முன்னரே ஆடுவோர் பட்டியலைக் கொடுத்துவிட வேண்டும் என்பது கிரிக்கெட்டின் விதி. முதலில் பந்து வீசினால் காலை ஈரம் கிடைக்கும். அது வேகப்பந்து வீச்சாளருக்கு உதவும். இறுதியில் வீசினால் ஆடுகளம் தேய்ந்து பொடிந்திருக்கும். அது சுழற்பந்து வீச்சாளருக்கு உதவும். ஆனால் முன்னது வாய்க்குமா, பின்னது வாய்க்குமா என்பது தெரியாத நிலையிலேயே ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கின்றது. திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. அணித்தலைவரோ அம்மூன்றையும் ஒரே காலைப்பொழுதில் படித்து முடிக்க வேண்டியவராய் இருக்கின்றார்.

ஆடுகளம் என்பது 22 கெஜ நீளமுள்ள, உருளையால் இறுக்கப்பட்ட மண்பட்டை, அவ்வளவே. ஆயினும் அதன் வகைகள் பல. மேலே சிறிது புல்லும் உள்ளே சிறிது ஈரமும் இருந்தால், பந்தின் நடுவே உயர்ந்து நிற்கும் தையல் அதில் பட்டுப் பந்து இப்படியும் அப்படியும் விலகும். கருமண் இறுகிப் பிணைந்து நிற்கும். அதில் பந்து தாழ்ந்தும் மெதுவாகவும் வரும். செம்மண்ணில் பந்து துள்ளி எழும். வெயில் ஏற ஏற மேற்பரப்பு உதிரும். உதிர்ந்த இடத்தில் சுழற்பந்து கடித்துத் திரும்பும். சென்னைப் பகுதியில் சிறு மைதானங்கள் பலவற்றில் தேங்காய்நார்ப் பாயை விரித்து ஆடும் வழக்கமும் இருந்தது. பாயில் வளர்ந்தவர் புல்தரைக்கு வந்தபோது தம் கலையைப் பாதி மறந்து மீண்டும் கற்க நேர்ந்தது.

வானத்தின் செய்தி மண்ணின் செய்தியைப்போல் அத்துணைத் தெளிவானதன்று. மேகம் மூடிய நாளில், ஈரக்காற்றில், புதுப்பந்து மிகுதியாக வளையும் என்பது வீரர்களின் உறுதியான நம்பிக்கை. ஈரத்திற்கு அத்தகைய ஆற்றல் உண்டு என்பதை அறிவியல் ஆய்வாளர் அவ்வளவு உறுதியாக ஒப்புக்கொள்வதில்லை. ஆயினும் அணித்தலைவர் எவரும் ஆய்வுக்கூடத்தைக் கேட்டு ஆளைத் தேர்வதில்லை. பிற்பகலில் கிழக்கேயிருந்து எழும் கடற்காற்று சேப்பாக்கத்தை முதலில் தொட்டு, ஆவடியைப் பிறகு அடைகின்றது. அதனை எதிர்த்து வீசப்படும் சுழற்பந்து, அந்தரத்தில் சற்று மிதந்து மட்டையாளரை ஏமாற்றும். இரவு ஆட்டங்களிலோ பனி இறங்கிப் பந்தை நனைத்துவிடும். சுழற்பந்து வீச்சாளரின் விரல்கள் வழுக்கும். பகலில் அரசராய் இருந்தவர் இரவில் கையைத் துடைத்துக்கொண்டு நிற்பார்.

எல்லாவற்றிற்கும் மேலானது மழை. சென்னையில் ஓராண்டில் பெய்யும் மழையில் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் பெய்துவிடுகின்றது. முன்னாளில் பொங்கலை ஒட்டியே சேப்பாக்கத்தில் டெஸ்டு ஆட்டம் நடைபெற்றுவந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பருவத்தை மீறி ஆடினால் என்ன ஆகும் என்பதை 2004 அக்டோபர் காட்டியது. ஆஸ்திரேலியாவை வெல்ல இந்தியாவுக்கு இறுதி நாளில் 210 ஓட்டங்களே தேவை; பத்து விக்கெட்டுகளும் கையில் இருந்தன. அன்று ஒரு பந்துகூட வீசப்படவில்லை. மழை ஆட்டத்தைத் தனதாக்கிக்கொண்டது. 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. நான்கே நாளில் டெஸ்டு தொடங்க வேண்டும். மைதானப் பணியாளர் தணலைத் தட்டுகளில் ஏந்தி வந்து, ஆடுகளத்தின் மேல் காட்டி ஈரத்தைப் போக்கினர். அவ்வாறு உலர்த்தப்பட்ட களத்தில் கருண் நாயர் ஆட்டமிழக்காமல் 303 ஓட்டங்கள் குவித்தார். பந்து வீச்சாளர் பாடு திண்டாட்டமாயிற்று. எனினும் கடைசி நாளில் ரவீந்திர ஜடேஜா 48 ஓட்டங்களுக்கு ஏழு விக்கெட்டுகளை வீழ்த்தி வெற்றியைப் பறித்தெடுத்தார்.

மண்ணும் வானமும் ஒரு வீச்சாளரை எவ்வளவு உயர்த்தக்கூடும்? இதற்கு இரு சான்றுகளை அருகருகே வைத்துக் காண்பது நன்று. 1972 ஜூன் மாதத்தில் இலண்டன் மாநகரின் லார்ட்ஸ் மைதானத்தில், மேகம் கவிந்த வானத்தின்கீழ், பாப் மாசி என்னும் ஆஸ்திரேலிய இளைஞர் தம் முதல் டெஸ்டை ஆடினார். பந்தை இருபுறமும் வளைத்து வீசி, 137 ஓட்டங்களுக்குப் பதினாறு விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். 1988 சனவரியில் சேப்பாக்கத்தில், நன்கு உறுதிப்படாமல் தூசு பறந்த ஆடுகளத்தில், நரேந்திர ஹிர்வானி என்னும் பத்தொன்பது வயது இளைஞர் தம் முதல் டெஸ்டை ஆடினார். அவர் மணிக்கட்டைச் சுழற்றி வீசும் லெக் ஸ்பின்னர். விவியன் ரிச்சர்ட்சின் தலைமையில் வந்த மேற்கிந்திய மட்டையாளர், முன்னே பாய்ந்து அடிக்க முயன்று பந்தைத் தவறவிட்டனர். விக்கெட்டுக் காப்பாளர் கிரண் மோரே அந்த ஓர் ஆட்டத்திலேயே ஆறு பேரை ஸ்டம்பிங் செய்தார். ஹிர்வானி பெற்றவையும் பதினாறு விக்கெட்டுகளே. கொடுத்த ஓட்டங்கள் 136. ஓர் ஓட்டமே வேறுபாடு!

ஹிர்வானியை லார்ட்சின் மேகத்தின்கீழும், மாசியைச் சேப்பாக்கத்தின் தூசியிலும் மாற்றி நிறுத்தியிருந்தால் அக்கணக்குகள் எழுதப்பட்டிருக்குமா என்பது ஐயமே. மாசி மொத்தம் ஆறு டெஸ்டுகளே ஆடினார், ஹிர்வானி பதினேழு. இருவரும் திறமை குன்றியவர் அல்லர். தமக்குரிய நிலமும் தமக்குரிய நாளும் ஒருங்கே வாய்த்த பொழுதில் அவர்கள் வானளாவ உயர்ந்தனர். அவ்வாறு வாய்ப்பது அடிக்கடி நிகழ்வதன்று.

ஒரே மைதானம் எப்பொழுதும் ஒரே குணத்தோடு இருக்கும் என்று எண்ணுவதும் பிழை. 2021 பிப்ரவரியில் இந்தியாவும் இங்கிலாந்தும் சேப்பாக்கத்தில் அடுத்தடுத்து இரு டெஸ்டுகள் ஆடின. முதல் ஆட்டத்தின் களம் தொடக்கத்தில் மட்டையாளருக்குப் பாய் விரித்தது. ஜோ ரூட் 218 ஓட்டங்கள் எடுத்தார். சேப்பாக்கம் என்றால் சுழற்பந்து என்று அனைவரும் நினைத்திருக்க, கடைசி நாளில் முப்பத்தெட்டு வயதுடைய வேகப்பந்து வீச்சாளர் ஜேம்ஸ் ஆண்டர்சன் பந்தைக் கையில் வாங்கினார். வறண்ட தரையில் தேய்ந்த பந்தின் ஒரு பக்கம் சொரசொரப்பாயிருந்தது. மறுபக்கத்தை வீரர் பளபளப்பாகக் காத்து வைத்திருந்தனர். இந்நிலையில் பந்து வழக்கத்திற்கு மாறான திசையில் வளையும். இதனையே ரிவர்ஸ் ஸ்விங் என்பர். ஒரே ஓவரில் சுப்மன் கில், அஜிங்கிய ரகானே ஆகிய இருவரின் ஸ்டம்புகளும் பறந்தன. இங்கிலாந்து 227 ஓட்டங்களால் வென்றது.

அடுத்த ஆட்டம் நான்கு நாள் கழித்து அதே மைதானத்தின் வேறொரு களத்தில் தொடங்கியது. அங்கு முதல் நாளே புழுதி கிளம்பியது. இந்தியா அக்சர் படேலையும் குல்தீப் யாதவையும் சேர்த்துக்கொண்டது. முதல் டெஸ்டு ஆடிய அக்சர் இரண்டாம் இன்னிங்சில் ஐந்து விக்கெட்டுகள் பெற்றார். சென்னையில் பிறந்து அம்மைதானத்திலேயே வளர்ந்த அசுவின் எட்டு விக்கெட்டுகளோடு ஒரு சதமும் அடித்தார். இந்தியா 317 ஓட்டங்களால் வென்றது. எட்டு நாளில் வெற்றி தோல்வி தலைகீழாகியது. வீரரின் திறன் எட்டு நாளில் மாறிவிடவில்லை; காலடி மண் மாறியது.

அதே ஆண்டு ஜூன் மாதத்தில் இந்திய அணி இங்கிலாந்தின் சவுத்தாம்டன் நகரில் உலக டெஸ்டு இறுதிப் போட்டியில் நியூசிலாந்தை எதிர்கொண்டது. ஆட்டத்திற்கு முந்திய நாளே அசுவின், ஜடேஜா என்னும் இரு சுழற்பந்து வீச்சாளர் உள்ளிட்ட பட்டியலை வெளியிட்டது. மறுநாள் முழுதும் மழை. முதல் நாள் ஆட்டமே நடைபெறவில்லை. குளிரும் ஈரமும் நிறைந்த அக்களத்தில் நியூசிலாந்து சுழற்பந்து வீச்சாளர் எவரும் இன்றி, விரைந்து வீசுவோர் ஐவரோடு இறங்கியது. கைல் ஜேமிசன் 31 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தினார். நியூசிலாந்தே கோப்பையைக் கொண்டது. அசுவின் நன்றாகவே வீசினார் என்பதையும் இங்குச் சொல்லல் வேண்டும். தேர்வு தவறா சரியா என்று முடிவுகண்டபின் உரைப்பது எவர்க்கும் எளிது. மழைக்கு முன் உரைப்பதே அரிது.

சேப்பாக்கமும் தன் பழைய பெயரையே நம்பி வருவோரை ஏமாற்றுவதுண்டு. அங்குப் பூவா தலையாவில் வென்றவர் முதலில் பந்து வீச விரும்புவது மிக அருமை. 1982இல் இங்கிலாந்து அணித்தலைவர் கீத் பிளெட்சர் அவ்வாறு விரும்பினார். இந்தியா நான்கே விக்கெட்டுகளை இழந்து 481 ஓட்டங்கள் குவித்தது. விசுவநாத் மட்டும் 222. அதன்பின் நாற்பத்திரண்டு ஆண்டுகள் எவருக்கும் அந்தத் துணிவு வரவில்லை. 2024 செப்டம்பர் 19ஆம் நாள் வங்கதேச அணித்தலைவர் நஜ்முல் உசைன் சாந்தோ செம்மண் களத்தையும் காலை ஈரத்தையும் கண்டு மீண்டும் துணிந்தார். ஹசன் மகமூது என்னும் வேகப்பந்து வீச்சாளர் முன்வரிசையைச் சாய்த்தார். இந்தியா 144 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகளை இழந்து தவித்தது. அவர் கணிப்பு பொய்யன்று. ஆனால் வெயில் ஏறியது, ஈரம் வற்றியது, அசுவினும் ஜடேஜாவும் 199 ஓட்டங்கள் சேர்த்தனர். இந்தியாவும் அக்களத்திற்கென மூன்று வேகப்பந்து வீச்சாளரையே எடுத்திருந்தது. முதலில் பும்ரா நான்கு விக்கெட்டுகள் பெற்றார். நான்காம் நாளில் அசுவின் ஆறு பெற்றார். ஒரே மண், காலையில் ஒருவருக்கும் நாள் கடந்தபின் மற்றொருவருக்கும் துணை நின்றது.

மூவர் உள்ளே வந்தால், வேறொருவர் வெளியே நிற்க வேண்டும். தேர்வின் கடுமை அங்கேதான் உள்ளது. 2022 டிசம்பரில் வங்கதேசத்தின் சட்டோகிராம் நகரில் குல்தீப் யாதவ் எட்டு விக்கெட்டுகள் பெற்று ஆட்ட நாயகர் ஆனார். அடுத்த ஆட்டத்திற்கு மீர்ப்பூர்க் களத்தைக் கண்ட தலைமை, அங்கு வேகப்பந்து உதவும் என்று கருதியது. ஆட்ட நாயகர் பட்டியலில் இல்லை. களமோ சுழற்பந்துக்கு இடங்கொடுத்தது. 145 ஓட்டங்களைத் தேடிய இந்தியா, 74 ஓட்டங்களுக்கு ஏழு விக்கெட்டுகளை இழந்து, அசுவினும் சிரேயஸ் ஐயரும் நிலைத்து நின்றதால் பிழைத்தது. குல்தீப் மீண்டும் ஒரு டெஸ்டு ஆட ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார்.

2024 மார்ச்சு 7ஆம் நாள் இமயமலை அடிவாரத் தர்மசாலையில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டு தொடங்கியது. குளிர்ந்த மலைக்காற்று வீசும் அவ்விடம் வேகப்பந்துக்கு ஏற்றது என்பது பொதுவான கருத்து. இம்முறை குல்தீப் பட்டியலில் இருந்தார். அசுவினுக்கு அது நூறாவது டெஸ்டு. இங்கிலாந்து 218 ஓட்டங்களில் சுருண்டது. பத்து விக்கெட்டுகளும் சுழற்பந்துக்கே விழுந்தன. குல்தீப் ஐந்து, அசுவின் நான்கு, ஜடேஜா ஒன்று. அணியை முன்னடத்திச் செல்லுமாறு குல்தீப் பந்தை மூத்தவரிடம் நீட்டினார்; மூத்தவர் அதனைத் திருப்பிக் கொடுத்தார். சிறிது நேரம் பந்து இருவர் கைகளுக்கும் இடையே சென்று வந்தது. முடிவில் குல்தீப் அதனை உயர்த்திப் பிடித்தவாறு முன்னே நடக்க, அசுவின் பின்னே நடந்தார்.