நிழல் எனக்கு, இலை உங்களுக்கு

எனக்குச் செடி கொடிகளில் ஆசை கிடையாது. தெருவுக்கு மரம் வைக்கும் குழுவில் நான் சேர்ந்தது, பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டில் பேச ஆளில்லாததால்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பேர் கூடுவோம், யார் வீட்டிலிருந்தாவது காபி வரும், கவுன்சிலர் முதல் கார்க்காரர் வரை எல்லோரையும் திட்டித் தீர்க்கலாம். முதல் வருஷம் எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

நங்கநல்லூரில் இப்படிக் கூடுவது புதிதல்ல. 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேரும்வரை நாங்கள் ஆலந்தூர் நகராட்சி. பாதாளச் சாக்கடை வர வேண்டுமென்று வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கட்டிய ஊர் அது. 1989-ல் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா அமைப்பின் வழியில், தெருவுக்கொரு குழு, குப்பைக்கு ஒரு மூன்று சக்கர வண்டி, அதற்கு மாதச் சந்தா என்று வாழ்ந்த தலைமுறை இன்னும் இங்கே இருக்கிறது. சங்கம் நடத்த எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரசீதுப் புத்தகம் அச்சடித்துவிட்டுத்தான் வேலையையே யோசிப்போம்.

மரம் என்ற பேச்சு வந்தது வர்தா புயலுக்குப் பிறகு. 2016 டிசம்பர் 12 அன்று மதியம் அடித்த காற்றில் எங்கள் தெருவின் மயில்கொன்றைகளும் மஞ்சள் பூ மரங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. காற்றை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. அடிமரம் வரை சிமென்ட் பூசி, ஒரு பக்க வேரைக் கால்வாய்க்காகவும் மறுபக்க வேரைக் கேபிளுக்காகவும் வெட்டியிருந்தோம். நிற்பதற்கு அந்த மரங்களுக்கு என்ன மிச்சம்?

அடுத்த மழைக்குப் புங்கை, வேம்பு, பூவரசு, மகிழம் என்று வாங்கி வந்தோம். கன்றுகள் கிடைப்பதில் கஷ்டமே இல்லை. இடம்தான் கிடைக்கவில்லை. மரம் வேண்டாம் என்று தெருவில் ஒருவரும் சொல்லவில்லை, தன் வாசலில் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். கார் ஏற்றும் சரிவு மேடை உடையும், வேர் சம்ப்புக்குள் போகும், இலை மொட்டை மாடிக் குழாயை அடைக்கும், வாஸ்து சரியில்லை. கடைசியில் ஒப்புக்கொண்ட வீடுகளின் வாசலில், கூண்டில் வீட்டுக்காரர் பெயர் எழுதி நட்டோம். கடைகளும் வண்டிகளும் நிற்கும் மூலைகளில் மிஞ்சிய கன்றுகளை யார் பெயரும் போடாமல் வைத்தோம்.

2019 கோடை வந்தது. பூண்டியிலிருந்து செம்பரம்பாக்கம் வரை ஏரிகள் வறண்டு, குடிக்கவே லாரித் தண்ணீருக்கு டோக்கன் வாங்கிய கோடை. பெயர் எழுதிய கன்றுகளில் பெரும்பாலானவை கருகின. யாரையும் குறை சொல்ல முடியாது, வீட்டுக்குள்ளேயே தண்ணீர் இல்லை. ஆனால் பெயர் போடாத கன்றுகள் பிழைத்துக்கொண்டன. டீக்கடையில் கிளாஸ் அலசிய தண்ணீர் வேம்புக்குப் போயிருக்கிறது. பூக்கார அம்மா கூடைத் துணியைப் பிழிந்த தண்ணீர் மகிழத்துக்கு. இஸ்திரி வண்டிக்குப் பக்கத்துப் புங்கை என் உயரத்தைத் தாண்டியிருந்தது.

இஸ்திரிக்காரரிடம் போய்ப் பாராட்டினேன். அவருக்கு அந்தப் பாராட்டு தேவைப்படவில்லை. "மொதல்ல நீங்க நட்ட எடத்துல வண்டி நிக்காதும்மா. ராத்திரியோட ராத்திரியா நான்தான் ரெண்டடி தள்ளி வெச்சேன். நெழல் எனக்கு, எல உங்களுக்கு" என்றார். கையில் கரிப்பெட்டி. வெயிலில் பத்து மணியிலிருந்து நான்கு மணிவரை அதன் எதிரே நிற்கிறவருக்கு மரம் என்பது கூரை. கதவைத் திறந்தால் கார், காரை விட்டு இறங்கினால் ஏசி என்று இருக்கிற எங்களுக்கு அது வாசல் அலங்காரம், அவ்வளவுதான்.

அந்த வாரக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். இனி நடுவதற்கு முன், அந்த இடத்தில் பகலெல்லாம் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து, அவர்களைக் கேட்டுவிட்டுக் குழி தோண்டலாம் என்றேன். காபி ஆறிப்போகும் அளவுக்குச் சண்டை. "நிழல் வந்தால் ஆட்டோ நிற்கும், ஆட்டோ நின்றால் தள்ளுவண்டி வரும், அப்புறம் தெரு தெருவாக இருக்காது" என்றார் ஒருவர். தெரு என்று அவர் நினைப்பது எதை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனால் அவர் கணக்கு தப்பில்லை. நிழல் இருந்தால் ஆள் வரத்தான் செய்யும். ஆள் வேண்டாம் என்றால் பசுமைக்கு வாசலில் பச்சை பெயின்ட் அடித்துக்கொள்ளலாம், செலவும் குறைவு.

அதோடு நிற்கவில்லை. தெருவை அழகுபடுத்துவதன் முதல் படியாக இஸ்திரி வண்டியை அடுத்த தெருவுக்கு நகர்த்தலாம் என்றொரு யோசனை அதே கூட்டத்தில் எழுந்தது. நல்லவேளை, குழுவில் ஒரு வக்கீல் உண்டு. 2014-ம் வருஷத்துத் தெருவோர வியாபாரிகள் சட்டத்தை எடுத்து வைத்தார். கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கும்வரை யாரையும் அகற்றக்கூடாது, பொருள் விற்பவர் மட்டுமல்ல, சேவை செய்பவரும் அதில் அடக்கம். நகர்த்தும் பேச்சு அடங்கியது. சட்டத்துக்குப் பயந்தார்களா, துணி தேய்க்க அடுத்த தெருவுக்கு நடக்க வேண்டுமே என்று பயந்தார்களா, தெரியாது.

குழுவிலிருந்து மூன்று பேர் விலகினார்கள். பூக்கார அம்மாவும் ஆட்டோக்காரர்கள் இருவரும் வந்தார்கள். ஞாயிறு காலை அவர்களுக்குத் தொழில் நேரம் என்பதால் கூட்டம் இப்போது திங்கள் இரவில், புங்கையடியில். கூட்ட நேரமும் சுருங்கிவிட்டது. அவர்களுக்குக் கவுன்சிலரைத் திட்ட நேரமில்லை. எந்தக் கிளை லாரியில் இடிக்கிறது, மின்வாரியத்து ஆட்கள் வெட்ட வரும்போது கூட யார் நிற்பது, எந்தக் கடைக்காரர் மரத்தில் ஆணி அடித்துப் போர்டு மாட்டினார், இவ்வளவுதான் பேச்சு. வம்பு கேட்கச் சேர்ந்த எனக்கு இதில் கொஞ்சம் ஏமாற்றம் உண்டு என்பதையும் மறைப்பானேன்.

ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் தெருவின் ஒரு முனையை மறித்துப் பிள்ளைகளை விளையாட விடலாம் என்ற யோசனையும் அவர்களிடமிருந்துதான் வந்தது. வீட்டுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஆடிக் கூழுக்கும் கல்யாணப் பந்தலுக்கும் மறிக்காத தெருவா என்று கேட்டார் பூக்கார அம்மா. பதிலில்லை. மறித்தோம். ஆட்டோக்காரர்களே குறுக்கே வண்டியைப் போட்டார்கள்.

இப்போது மழைநீர் வடிகாலுக்கு அளவெடுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார்கள். கோடு புங்கையின் வேரில் நேராக ஏறுகிறது. மூன்றடி தள்ளித் தோண்டக் கேட்டு மனு எழுதினேன். முதல் கையெழுத்து இஸ்திரிக்காரருடையது. அவர் வீடு ஆதம்பாக்கத்தில். தெருவாசிகள் மனுவில் வெளியாள் கையெழுத்து செல்லுமா என்று எங்கள் குழுவின் செயலாளர் கேட்கிறார். இந்தத் தெருவில் அவர் நிற்கிற நேரத்தில் பாதிகூட நீங்கள் நிற்பதில்லையே என்றேன். திங்கட்கிழமை மண்டல அலுவலகத்தில் கொடுக்கப் போகிறோம். செயலாளர் தனியாக இன்னொரு பிரதி எடுத்து வைத்திருக்கிறார், அந்தக் கையெழுத்து இல்லாமல்.