ரைன் ஆற்றில் குளிச்சேன்... நொய்யலை நினைச்சேன்!

ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, நொய்யல் கரையில் எங்களுக்கு நாலரை ஏக்கர் தோட்டம். அப்பாரு வெட்டிய கிணறு இன்னும் இருக்கிறது. தண்ணீரும் இருக்கிறது. ஆனால், அதை வைத்துத் தென்னையைத் தவிர வேறெதையும் காப்பாற்ற முடியவில்லை. அத்தனை உப்பு! அப்பா சின்ன வயதில் நீந்தி விளையாடிய ஆற்றில், 'கால் வைக்காதே, அரிக்கும்' என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள்.

இப்போது ஜெர்மனியில் ஃப்ரைபர்க் நகரில் முதுகலை படிக்கிறேன். போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று பக்கத்து நாடான சுவிட்சர்லாந்தின் பேசல் நகருக்குப் போனேன். ரயிலில் முக்கால் மணி நேரம். திருப்பூரிலிருந்து ஈரோடு போகிற மாதிரிதான்.

ஊருக்கு நடுவே ரைன் ஆறு ஓடுகிறது. ஆற்றைக் கடக்கப் படகுகள் உண்டு. மோட்டார் கிடையாது, துடுப்பும் கிடையாது. கரைக்குக் கரை கட்டிய கம்பி வடத்தில் படகைப் பிணைத்திருக்கிறார்கள். சுக்கானைத் திருப்பினால், நீரோட்டமே அக்கரைக்குத் தள்ளிவிடுகிறது.

அதைவிட ஆச்சர்யம், ஆறு முழுக்க மனிதத் தலைகள்! உடுப்பு, செருப்பு, செல்போன் எல்லாவற்றையும் மீன் வடிவப் பையில் சுருட்டிக் கட்டி, அதைப் பிடித்தபடி மிதந்து போகிறார்கள். தண்ணீர் உள்ளே புகாத பை அது. கிணற்றில் நீச்சல் பழகியவன் நான், நானும் இறங்கினேன்.

கரையேறியதும் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தவர், "ஏஞ்சாமி, அங்கெல்லாம் சாயப்பட்டறை இல்லியா?" என்றார்.

"சாயத்துக்குப் பேர்போன ஊரே இதுதானுங்கப்பா" என்றேன்.

சிவப்பாக ஓடிய ஆறு

பட்டு நாடா நெசவுக்குப் பேர்போன பேசலில், 1859-ல் ஒரு சாயக்காரர் செயற்கைச் சாயம் தயாரிக்க ஆரம்பித்தார். அதைத் தொடர்ந்து பெரிய பெரிய ரசாயன கம்பெனிகள் வளர்ந்தன. கழிவெல்லாம் ரைனுக்குத்தான் போனது.

1986 நவம்பர் 1-ம் தேதி அதிகாலை, நகரை ஒட்டிய சாண்டோஸ் கம்பெனி கிடங்கில் தீப்பிடித்தது. உள்ளே ஆயிரம் டன்னுக்கு மேல் ரசாயனம், பெரும்பாலும் பூச்சிக்கொல்லி. தீயை அணைக்க அடித்த தண்ணீர் அதில் ஒரு பகுதியை ஆற்றுக்குள் இழுத்துக்கொண்டு போனது. ஆறு சிவப்பாக ஓடியது. பல நூறு கிலோமீட்டருக்கு விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. கீழ்மடை நாடுகள் கொதித்தன. அடுத்த ஆண்டே, கரையோர நாடுகள் சேர்ந்து ஆற்றை மீட்கத் திட்டம் போட்டன. 'சால்மன் மீன் திரும்பி வரணும்' என்பதுதான் இலக்கு.

அந்தத் தண்ணீரையா குடிக்கிறார்கள் என்று அப்பா கேட்டார். ஆமாம். ரைன் தண்ணீரை வடிகட்டி, ஊருக்கு வெளியே ஒரு காட்டில் பாத்தி பாத்தியாகத் தேக்குகிறார்கள். 10 நாள் தேக்கினால், 20 நாள் காயப் போடுகிறார்கள். நம்ம முறைப் பாசனம் மாதிரியே! மண்ணுக்குள் இறங்கிச் சுத்தமான பிறகு, நிலத்தடி நீராக எடுக்கிறார்கள்.

நம்ம கதை

நம்ம பக்கமும் யாரும் சும்மா இருக்கவில்லை. பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணி தேங்கியதும், ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். அந்த வழக்கில்தான் 2011 ஜனவரியில், கழிவை ஆற்றில் விட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாதபடி சுத்திகரித்தால்தான் மறுபடி திறக்கலாம் என்றானது.

ஆனால் ஒன்று. ஓடுகிற ஆற்றை வெள்ளம் கழுவிவிடும். கிணற்றுக்குள் இறங்கிய உப்பு அப்படிப் போகாது.

இதை அப்பாவிடம் சொன்னேன். "அதுனாலதாஞ் சாமி, ஆத்தோரத்து ரெண்டு ஏக்கரைக் குடுத்துரலாமான்னு பாக்குறேன். சைட் போடறவங்க கேக்குறாங்க" என்றார். எனக்கு அன்றுதான் அது தெரியும்.

"மார்கழி லீவுக்கு வந்துர்றனுங்கப்பா. அது வரைக்கும் கையெழுத்துப் போட்டுறாதீங்க" என்றேன்.

வந்ததும் முதல் வேலையாக, கிணற்றுத் தண்ணீரை வேளாண்மைத் துறையின் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கப்போகிறேன். மின் கடத்துதிறன் 0.7 டெசிசைமனுக்குள் இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிருக்கு ஆகாது. கோடையில் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை என வருஷம் தவறாமல் பார்த்தால்தான், உப்பு குறைகிறதா ஏறுகிறதா என்பது தெரியும். தோட்டத்து மழைத்தண்ணியை ஜல்லி, மணல் போட்ட குழியில் வடிகட்டிக் கிணற்றுக்குள் விடுவதுதான் அடுத்த வேலை.

சொன்னதையெல்லாம் கேட்ட அப்பா, "2009-ல எடுத்த தண்ணி ரிப்போர்ட்டு பீரோவுல கெடக்குது. ஒத்துப் பாக்கறதுக்கு ஆகும். எடுத்து வெக்கறேன்" என்றார்.