கூட ஓடியவரின் நேரம்

மரதன் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீற்றர் என்று எழுதிவிடுவது எளிது. அந்தத் தூரத்தை மன்னார்த் தீவின் மீது வைத்து அளந்து பார்க்கும்போதுதான் அதன் கனம் விளங்குகிறது. மன்னார்ப் பாலத்தடியில் புறப்படும் ஒருவர் எருக்கலம்பிட்டிச் சந்தியையும் தோட்டவெளியையும் பேசாலையையும் கடந்து தலைமன்னார் பியர் வரை ஓடி முடித்தாலும் ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான் ஆகியிருக்கும். வந்த வழியே திரும்பி மறுபடியும் பேசாலைப் பக்கம் வரை ஓடினால்தான் மரதன் நிறைவுறும். 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற விரும்பிய ஆண் ஓட்டவீரர் இந்தத் தூரத்தை 2 மணி 19 நிமிடத்துக்குள் கடக்க வேண்டியிருந்தது. அது மணிக்கு 18 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட வேகமாகும். சோளகக் காற்று எதிர்த்து வீசும் நாளில் அந்த வீதியில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு, அந்த வேகத்தை இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் கால்களால் மட்டும் தாங்கி நிற்பது என்னவென்று எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வாறு முன்கூட்டியே குறிக்கப்படும் எல்லை தகுதி நேரம் எனப்படும். அதை அறிவிப்பது சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனம். ஆனால் அந்த நேரத்தை எட்டியவர்களுள் எவரை அனுப்புவது என்பதை ஒவ்வொரு நாடும் தன் வழியில் முடிவு செய்கிறது. அமெரிக்கா ஒரே நாளில் ஒரே ஓட்டத்தை நடத்தி, முதல் மூன்று இடங்களைப் பிடிப்பவர்களையே தேர்ந்தெடுக்கும் வழக்கமுடையது. 2020 பெப்ரவரி 29இல் அட்லாண்டாவில் நடந்த அத்தகைய ஓட்டத்தில், அதற்கு முன் ஒரு மரதனும் ஓடியிராத மோலி சைடல் இரண்டாவதாக வந்து பார்த்தவர்களை வியக்க வைத்தார். ஓராண்டு தள்ளி நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் வெண்கலமும் வென்றார். தகுதிகாண் ஓட்டத்தின் ஈர்ப்பு இதில்தான் இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் சேர்த்த உழைப்பு ஒரு காலைப்பொழுதில் மூன்று இடங்களுக்குள் அடங்கிவிடுகிறது அல்லது அடங்காமல் போய்விடுகிறது. அதைப் பார்ப்பவர்களின் கண்ணும் அந்த மூன்று இடங்களிலேயே நிலைத்துவிடுகிறது. நான்காவதாக வந்தவரின் பெயரை மறுநாள் எவரும் கேட்பதில்லை.

தெற்காசியாவில் இந்த ஈர்ப்பை நன்கு உணர்த்தியது 2016 ஜனவரியில் நடந்த மும்பை மரதன். இந்திய ஆண்களுள் முதலாவதாக வந்த நிதேந்திர சிங் ராவத் 2 மணி 15 நிமிடம் 48 விநாடியில் ஓட்டத்தை முடித்தார். இரண்டாவதாக வந்த கேரளத்து வயநாட்டைச் சேர்ந்த தோ. கோபியின் நேரம் 2:16:15. மூன்றாவதாக வந்த கேத்தா ராமின் நேரம் 2:17:23. மூவரும் தகுதி நேரத்துக்குள் வந்துவிட்டனர். ஆயினும் இந்த வரிசைக்குள் ஒரு செய்தி மறைந்து கிடக்கிறது. கோபி அன்று போட்டியாளராகக் கருதப்பட்டவர் அல்லர். ராவத்துக்கு வேகம் பிடித்துக் கொடுக்க வந்தவர். வேகம் பிடித்துக் கொடுப்பவர் என்பவர், முக்கிய வீரருக்கு முன்னால் ஒரே சீராக ஓடி, நேரக் கணக்கைத் தன் கால்களில் சுமந்து, எதிர்க்காற்றைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு, பெரும்பாலும் பாதி வழியிலோ அதற்குச் சற்று அப்பாலோ விலகிவிடும் துணை ஓட்டக்காரர். அவர் விலகியாக வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. விலகுவார் என்பது எதிர்பார்ப்பு மட்டுமே. அதுவரை 10,000 மீற்றர் ஓட்டக்காரராக அறியப்பட்டிருந்த கோபி அன்று விலகவில்லை. ஓடிக்கொண்டே இருந்தார், ஒலிம்பிக் வீரராகக் கோட்டைக் கடந்தார்.

கேத்தா ராமின் கதையும் இதற்குச் சளைத்ததன்று. ரியோவுக்கான ஆண்களின் தகுதி நேரம் முதலில் 2:17:00 என்றே வைக்கப்பட்டிருந்தது. மும்பை ஓட்டத்துக்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், 2015 டிசம்பரில், அது 2:19:00 ஆகத் தளர்த்தப்பட்டது. பழைய எல்லையே நிலைத்திருந்தால் அவர் 23 விநாடிகளால் வீட்டில் இருந்திருப்பார். 23 விநாடி என்பது தண்ணீர்ப் போத்தல் ஒன்றைத் தவறவிட்டுத் திரும்பி எடுக்கும் நேரம். 2016 ஓகஸ்ட் மாதம் ரியோவின் வீதிகளில் கோபி 2:15:25 நேரத்தில் 25ஆம் இடத்தையும், ஒரே ஒரு விநாடி பின்னால் கேத்தா ராம் 26ஆம் இடத்தையும் பெற்றனர். மும்பையில் முதலிடம் பெற்றுப் பாராட்டு மழையில் நனைந்த ராவத் அன்று 84ஆவதாக வந்தார். இதைச் சொல்வது ராவத்தின் மதிப்பைக் குறைப்பதற்காக அன்று. மரதன் என்பது வயிறும் வெயிலும் பாதமும் ஒன்றுகூடித் தீர்ப்பெழுதும் ஓட்டம், அதில் எவருக்கும் ஒரு நாள் உடம்பு ஒத்துழைக்காமல் போகலாம். ஆனால் ஜனவரி மாதத்து வரிசையை வைத்து ஓகஸ்ட் மாதத்தைக் கணித்தவர்கள் தவறிப்போனார்கள் என்பதும், துணைக்கு வந்தவரே முன்னால் நின்றார் என்பதும் உண்மை.

இதே ராவத்தோடு இலங்கைக்கும் ஒரு விநாடிக் கணக்கு உண்டு. 2016 பெப்ரவரியில் குவாஹாத்தியில் நடந்த தெற்காசிய விளையாட்டு விழாவின் மரதனில் ராவத் 2:15:18 நேரத்தில் தங்கம் வென்றபோது, இலங்கையின் அனுராத இந்திரஜித் குரே 2:15:19 நேரத்தில் வெள்ளி வென்றார். ஏதன்ஸ், லண்டன், ரியோ என மூன்று ஒலிம்பிக் மரதன்களில் இலங்கைக்காக ஓடிய குரே, நாற்பத்திரண்டு கிலோமீற்றர் முழுவதும் ஓடிவந்து ஒரு மூச்சின் அளவில் இரண்டாமிடம் பெற்ற அந்த நாளுக்கு இந்த நாட்டில் கிடைத்திருக்க வேண்டிய இடம் கிடைக்கவில்லை. ஒரு கிரிக்கெட் ஆட்டத்தின் கடைசிப் பந்தைப் பல ஆண்டுகள் நினைவில் வைத்திருக்கும் நாடு, அந்த ஒரு விநாடியை மறந்துவிட்டது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்களின் தகுதி நேரம் 2:08:10 ஆக இறுக்கப்பட்டது. மேலே சொன்ன நேரங்களுள் ஒன்றேனும் அந்தக் கதவை நேரடியாகத் திறந்திருக்காது. இந்தப் பகுதியின் ஓட்டக்காரர்களுக்கு 2016ஆம் ஆண்டு எவ்வளவு அரிய வாய்ப்பாக இருந்தது என்பது அதனால் இன்னும் தெளிவாகிறது.

மன்னாரில் மரதன் என்ற சொல் ஒலிம்பிக்கை விடவும் பாடசாலையையே முதலில் நினைவூட்டும். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு முன்னோடியாக நடக்கும் மரதன் ஓட்டத்தின் தூரம் உண்மையான மரதனின் சிறு பங்குதான். ஆயினும் பெயரை எவரும் குறைத்துச் சொல்வதில்லை. காலை வெயில் ஏறுமுன் தார்வீதியில் பிள்ளைகள் ஓடும்போது, ஒவ்வொருவரின் பக்கத்திலும் ஒரு சைக்கிள் வரும். அதை மிதிப்பவர் அண்ணனாக இருப்பார், அல்லது அதே இல்லத்துத் தோழனாக இருப்பார். கைபிடியில் தொங்கும் பையில் தண்ணீர்ப் போத்தலும் பாதியாக வெட்டிய தோடம்பழமும் இருக்கும். வேகமாகப் போனால் ஓடுபவன் சோர்வான், மெதுவாகப் போனால் பின்தங்குவான் என்பதால், அந்தச் சைக்கிள் விழுந்துவிடாத அளவுக்கு மெதுவாகவும் விட்டுவிடாத அளவுக்கு நெருக்கமாகவும் உருண்டுகொண்டிருக்கும். பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்து செருப்பில்லாத கால் தாரில் ஈரத்தடம் பதிக்கத் தொடங்குவதை முதலில் காண்பவன் சைக்கிளில் வருபவனே. வீதியோரத்தில் நிற்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் முதலாவதாக வருபவனின் பெயரைச் சொல்லிக் கூவும்போது, அவன் சைக்கிளைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறான்.

இந்தத் தீவுக்கு மற்றொரு மரதனும் உண்டு. அதன் பாதை தார் அன்று, உப்புநீர். நீண்ட தூரத் திறந்தவெளி நீச்சலுக்கு மரதன் நீச்சல் என்று பெயர். 2008 பெய்ஜிங் முதல் 10 கிலோமீற்றர் மரதன் நீச்சல் ஒலிம்பிக்கிலும் இடம்பெறுகிறது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடல் அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. 1966 ஏப்ரலில் மிகிர் சென் இக்கடலைத் தலைமன்னாரிலிருந்து 25 மணி 36 நிமிடத்தில் கடந்தார். வல்வெட்டித்துறையின் குமார் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையைப் போகவும் வரவுமாக 51 மணி நேரத்தில் நீந்தி முடித்தார். 2021 ஏப்ரலில் இலங்கை விமானப்படையைச் சேர்ந்த ரொஷான் அபேசுந்தர தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்று, அங்கிருந்து நீந்தியே திரும்பினார். 2022 மார்ச்சில் மும்பையைச் சேர்ந்த 13 வயதுச் சிறுமி ஜியா ராய் 13 மணி 10 நிமிடத்தில் தனுஷ்கோடியை அடைந்தார். இந்த முயற்சிகள் பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் அமைவதற்குக் காரணம் காற்று. வாடைக்காற்று ஓய்ந்து சோளகம் தொடங்காத அந்த இடைவெளியில்தான் இக்கடல் சற்று அடங்கியிருக்கும். அப்போதும் தீடைகள் எனப்படும் மணல்மேடுகளுக்கு இடையே நீரோட்டம் திசை மாறிக்கொண்டே இருக்கும். சொறிமீன் உடம்பில் பட்டால் தீப்பட்டதுபோல் எரியும்.

இந்தப் பாதைக்குத் தகுதி நேரம் கிடையாது. கடக்க முடிந்தவர் கடந்தார், முடியாதவர் படகில் ஏறினார், கணக்கு அவ்வளவே. ஆனால் இதில் துணையின் இடம் தரையில் இருப்பதைவிட ஆழமானது. விதிப்படி நீந்துபவர் படகைத் தொடக்கூடாது. உணவும் நீரும் கயிற்றில் கட்டியோ கைநீட்டியோ அளிக்கப்படும், ஆனால் தாங்கிப் பிடிக்க ஒரு விரலும் நீளாது. படகோட்டி நேர்கோட்டில் போனால் நீரோட்டம் நீந்துபவரை அடித்துச் சென்றுவிடும். ஆகவே கரையைப் பார்த்து அன்றி, ஓட்டத்தைப் பார்த்துப் படகை வளைத்துச் செலுத்த வேண்டும். விசையை மிகக் குறைத்து, நீந்தும் கையின் வீச்சுக்கு ஏற்றபடி இயந்திரத்தைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பிடித்திருப்பது, மீனவனின் தொழிலில் எவரும் அவனுக்குக் கற்றுக்கொடுக்காத ஒரு வேலை. கோபி முன்னால் ஓடி ராவத்துக்கு நேரத்தைக் காட்டியதும், சைக்கிள்காரப் பையன் தோழனின் மூச்சை எண்ணிக்கொண்டு வருவதும், படகோட்டி நீரோட்டத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்வதும் ஒரே வேலையின் மூன்று வடிவங்கள்.

தலைமன்னார் இந்தக் கடற்பாதையின் தொடக்கக் கோடு. அதனால்தான் போலும், அது பெரும்பாலும் முடிவைக் காண்பதில்லை. விடியற்புற இருட்டில் யாரோ ஒருவர் மணலிலிருந்து நீருக்குள் இறங்குகிறார். சிறிது நேரத்தில் தலையும் கையும் அலையோடு கலந்து மறைய, படகின் விளக்கு மட்டும் தெரிகிறது. பிறகு அதுவும் தெரிவதில்லை. கைதட்டலும் பூமாலையும் ஒளிப்படங்களும் மறுகரையில் நிகழ்கின்றன. அங்கே மணலில் கால் பட்டவரைச் சுற்றிக் கூட்டம் நெருங்கும்போது, பின்னால் இடுப்பளவு நீரில் ஒரு படகு கரையேறாமல் நிற்கும். அணியத்தில் இருப்பவர் உணவு கட்டி இறக்கிய கயிற்றைச் சுருட்டுவார். இயந்திரத்தடியில் இருப்பவர், இரவும் பகலுமாகப் பிடித்திருந்த கையை முதன்முறையாக விரித்து மடக்கிப் பார்ப்பார்.