‘மாஸ்’ என்று கூப்பிட்டுப் பாருங்கள்

கிள்ளான் துறைமுகத்தின் பயணிகள் முனையத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சுமத்ராவின் தஞ்சோங் பாலாய்க்குப் படகு ஏறக் காத்திருப்பவர்களின் பேச்சு காதில் விழும். நமக்குப் பாதி புரியும். மீதி புரிந்ததுபோல் இருக்கும். அந்த மீதியில்தான் வம்பு.

“மலாய்தான் தெரியுமே, இந்தோனேசிய மொழியைத் தனியாக வேறு படிக்கணுமா?” என்று நேயர்கள் கேட்பதுண்டு. 1972இல் இரு நாடுகளும் எழுத்துமுறையைப் பொதுவாக்கிக்கொண்டதால் பலகையில் எழுதியிருப்பதை எளிதாகப் படித்துவிடலாம். பேச்சு அப்படியில்லை. ‘பீசா’ என்றால் நமக்கு விஷம், அவர்களுக்கு ‘முடியும்’. நாம் சின்னப் பிள்ளையை ‘பூடாக்’ என்கிறோம். அங்கே அது அடிமை. ‘பெர்ச்சூமா’ என்று கடையில் எழுதியிருந்தால் இங்கே இலவசம் என்று ஓடுவோம். அவர்களுக்கு அது ‘வீண்’.

வணக்கத்திலிருந்தே தொடங்கலாம். காலையில் ‘செலாமாட் பாகி’, இரண்டு பக்கமும் ஒன்றுதான். நண்பகலில் நாம் ‘தெங்ஙா ஹாரி’க்குப் போக, அவர்கள் ‘செலாமாட் சியாங்’ என்பார்கள். மூன்று மணிக்குமேல் நம்முடைய ‘பெத்தாங்’ அவர்களுக்கு ‘சோரே’. ‘தெரிமா காசே’ மாறாது. ‘காசே’ என்றால் அன்பு. நன்றி சொல்லும்போதே அன்பைப் பெற்றுக்கொண்டோம் என்கிறோம். பதிலுக்கு ‘சாமா-சாமா’ போதும். கூட்டத்தில் வழி கேட்க ‘பெர்மிசி’. உதவி கேட்கும்போது முன்னால் ஒரு ‘தோலோங்’.

நம்மவர்களைச் சற்றுத் தடுமாற வைப்பது ‘மாவ் கே மானா?’ எங்கே போகிறீர்கள் என்பது அவர்களுக்கு வெறும் நலவிசாரிப்பு. கிளம்புகிறவரிடம் ‘எங்கே’ என்று கேட்டாலே காரியம் கெட்டுவிடும் என்று பாட்டியிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள் நாம்! முகம் சுளிக்காமல் ‘ஜாலான்-ஜாலான்’, சும்மா உலாவத்தான், என்று சொல்லிவிட்டு நடக்கலாம். ‘பசியாறிட்டீங்களா?’ என்று நாம் கேட்பதற்கு யாரும் மெனுவை ஒப்பிப்பதில்லையே, அதுபோலத்தான்.

ஆனால் இந்த மொழியில் மரியாதை குடியிருப்பது வணக்கத்தில் அல்ல, கூப்பிடும் விதத்தில். பெரியவரை ‘பாக்’, அம்மா வயதுப் பெண்ணை ‘இபு’, இளைஞரை ‘மாஸ்’, இளம்பெண்ணை ‘எம்பாக்’ என்கிறார்கள். கடைசி இரண்டும் ஜாவா மொழியில் அண்ணனும் அக்காவும். ‘காமு’ என்பது நம் ‘நீ’ போல. நெருங்கியவர்களுக்கும் சின்னவர்களுக்கும் மட்டும். நாமோ பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் மேசை துடைப்பவரை, அவர் நம் அப்பா வயதென்றாலும், ‘லூ’ என்று விரட்டுகிறோம். முதலாளியை ‘அண்ணே’ என்ற அதே வாய்.

அதைவிட மோசம் ‘இந்தோன்’. நமக்கு அது வெறும் சுருக்கம், அவர்களுக்கு வசை. அவர்களின் மனக்குறை வலுத்து, 2007இல் நம் தகவல் அமைச்சே அச்சொல்லைத் தவிர்க்குமாறு ஊடகங்களுக்கு அறிவுறுத்தியது. வானொலியில் இப்போது அது கேட்பதில்லை. வீட்டுக் கூடத்தில் கேட்கிறது, பணிப்பெண் பக்கத்தில் நிற்கும்போதே. ‘கெலிங்’ என்று ஒருவர் சொன்னால் நமக்கு எங்கே சுடும் என்று தெரியும். மேடான் நகரில் தமிழர் வாழ்ந்த பகுதிக்கே ஒரு காலத்தில் ‘கம்போங் கெலிங்’ என்றுதான் பெயர். 1884இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயில் அங்கேதான் இருக்கிறது. இன்று அந்தப் பகுதி ‘கம்போங் மெட்ராஸ்’.

பள்ளி விடுமுறைக்கு மேடானோ பாலியோ போகிறவர்கள் இந்தச் சொற்களை இங்கேயே பழகிக்கொள்ளலாம். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் துணிக்கட்டு இறக்குகிறவர் இந்தோனேசியர் என்றால், ‘மாஸ், பெர்மிசி’ என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள். கட்டை ஒதுக்கி வழி விடுவார், ‘சிலாக்கான்’ என்பார். விடைபெறும்போது ‘போகிறேன்’ என்று நாம் சொல்வதில்லை அல்லவா? அவர்களும் ‘பாமிட் டூலு’, முதலில் விடைபெறுகிறேன், என்பார்கள். அதற்குப் பதில் ‘ஹாத்தி-ஹாத்தி டி ஜாலான்’: வழியில் பத்திரம்.